பூதத்தம்பியின் கையொப்பம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் சொந்த நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய பெருந்தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அந்த ஒரு பெயர் மட்டுமே இன்றும் உலகப் படங்களில் நிலைத்திருக்கிறது. ஊர்காவற்றுறையின் மறுபெயரான கயிற்ஸ் அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. துறைமுகக் கரை என்று பொருள்படும் அவர்களது சொல்லின் திரிபு அது. வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகள் கப்பலேறிய துறை அது.

பெயர் மாற்றுவது ஆட்சி மாற்றத்தின் முதல் அடையாளம். அடுத்த அடையாளம், யார் யாரைக் கொல்லலாம் என்ற அதிகாரம் கை மாறுவது. 1658ஆம் ஆண்டில் இவ்விரண்டும் சில மாத இடைவெளியில் நடந்தேறின. அந்த மாதங்களில் நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைகளைப் பற்றி இரண்டு சாட்சியங்கள் நமக்கு எஞ்சியுள்ளன. ஒன்று ஒல்லாந்தப் போதகர் ஒருவர் எழுதிய நூல். மற்றையது யாழ்ப்பாணத் தமிழர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லியும் பாடியும் ஆடியும் வரும் பூதத்தம்பி முதலியாரின் கதை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது எழும் கேள்விகள் பழங்கதையோடு முடிந்துவிடுவனவல்ல.

முதலில் கதையைப் பார்ப்போம்.

ஒல்லாந்தர் ஆட்சி தொடங்கிய வேளையில் அவர்களிடம் உயர் பதவி வகித்த தமிழர் இருவர். ஒருவர் பூதத்தம்பி முதலியார். மற்றவர் டொன் மனுவேல் அந்திராசி. பூதத்தம்பியின் மனைவி அழகவல்லி மீது அந்திராசி மோகங் கொண்டு தூதனுப்புகிறான். அழகவல்லி தூதரை அவமானப்படுத்தித் திருப்பி விடுகிறாள். அன்றிலிருந்து அந்திராசி காலம் பார்த்திருக்கிறான். கோட்டை வேலைக்கு மரம் வேண்டுமென்றும் அதற்காக வன்னியில் கயிலைவன்னியனுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றும் சொல்லி, பூதத்தம்பியிடம் வெற்றுக் கடதாசி ஒன்றில் கையொப்பம் வாங்குகிறான். பின்னர் அந்தக் கையொப்பத்தின் மேலே, போர்த்துக்கேயருக்கு உதவி செய்வதாக உறுதி கூறும் ஒரு நிருபத்தை எழுதி யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரியின் முன் வைக்கிறான். எழுதியவன் யாரென்று அதிகாரி கேட்கவில்லை. கையொப்பம் பூதத்தம்பியுடையது, அது போதும். மரண தண்டனை உடனடியாக நிறைவேற்றப்படுகிறது.

கதை அங்கே முடிவதில்லை. பூதத்தம்பியின் உறவினர் கொழும்புக்குச் சென்று தேசாதிபதியிடம் முறையிடுகிறார்கள். தேசாதிபதி விசாரித்து, யாழ்ப்பாணத்து அதிகாரியையும் அந்திராசியையும் கொழும்புக்கு வரும்படி கட்டளையிடுகிறார். போகும் வழியில் அந்திராசியைக் காட்டில் யானை அடித்துக் கொல்கிறது. அதிகாரி கடலில் வீழ்ந்து மடிகிறான். யாழ்ப்பாண வைபவமாலை தரும் வரலாறு சுருக்கமாக இதுதான்.

தீவகத்தில் இந்தக் கதையைத் தெரியாமல் வளர்ந்தவர்கள் எங்கள் தலைமுறையில் மிகக் குறைவு. விலாசமாகவும் நாட்டுக்கூத்தாகவும் இது மேடையேறிய இரவுகளில், அழகவல்லியின் புலம்பல் தொடங்கியதும் பாயில் உறங்கிக் கிடந்த பிள்ளைகளையும் தாய்மார் தட்டி எழுப்புவார்கள். அந்திராசி வேடம் போட்டவர் மறுநாள் கடைத்தெருவில் நடக்கும்போது பின்னாலிருந்து ஏச்சு வரும் என்று பெரியவர்கள் சிரித்தபடி சொல்லக் கேட்டிருக்கிறேன். யானை வந்து அந்திராசியைக் கொல்லும் கட்டத்தில் கூட்டம் ஆரவாரித்ததும் நினைவிருக்கிறது. அந்த ஆரவாரத்திற்குப் பின்னர் வருகிறேன்.

இனி ஒல்லாந்தர் தரப்புச் சாட்சியம்.

பிலிப்பஸ் பல்தேயஸ் என்ற போதகர் 1658இல் றிக்லொப் வான் கோயன்சின் படையோடு யாழ்ப்பாணத்திற்கு வந்து, 1665 வரை இங்கே தங்கியிருந்தவர். தமிழ் கற்றவர். அவரது பெருநூல் 1672இல் ஆம்ஸ்ரடாமில் வெளியாயிற்று. தாம் நேரிற் கண்ட காலத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதால் அந்நூல் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டை முதலில் வீழ்ந்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. இலங்கைத் தீவு பன்றித் தொடை வடிவில் இருப்பதாகக் கற்பனை செய்த ஒல்லாந்தர், அதன் குதிக்காலில் இருப்பதாகக் கருதி அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். நம்மவர் கடற்கோட்டை என்றனர். நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்த அக்கோட்டை குடிப்பதற்குத் தண்ணீர் இல்லாமலே சரணடைந்தது. அதன்பின் மூன்று மாதத்திற்கு மேல் முற்றுகையிடப்பட்டிருந்த யாழ்ப்பாணக் கோட்டை 1658 ஜூன் மாதத்தில் பணிந்தது.

வெற்றி பெற்றவர்களுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. அவர்களது படையில் ஒரு பகுதி வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. எஞ்சியவர்களுள் நேற்றுவரை எதிரியின் கீழிருந்து இன்று சம்பளத்திற்குச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இந்நிலையில் அதே ஆண்டில் ஒரு சதி வெளிப்பட்டதாகப் பல்தேயஸ் எழுதுகிறார். அதிகாரிகளைக் கொன்று கோட்டையைக் கைப்பற்றி மீண்டும் போர்த்துக்கேயரிடம் ஒப்படைப்பது நோக்கம். சம்பந்தப்பட்டவர்கள் பிடிபட்டனர். சிலர் தூக்கிலிடப்பட்டனர். தலைவர்கள் மூவரின் முடிவை அந்தப் போதகர் தயக்கமின்றி விவரிக்கிறார். அவர்கள் மரச்சட்டத்திற் கிடத்தப்பட்டுக் கழுத்திலும் மார்பிலும் கோடரியால் வெட்டப்பட்டார்கள். குடல் வெளியே எடுக்கப்பட்டது. இதயம் அவரவர் வாயின் மேல் வைக்கப்பட்டது. சதியை அறிந்தும் அறிவிக்காதிருந்தார் என்ற குற்றத்திற்காக யேசு சபைக் குருவானவர் ஒருவரின் தலை வெட்டப்பட்டது.

பல்தேயசின் பக்கங்களில் அழகவல்லி இல்லை. வெற்றுக் கடதாசியும் இல்லை. அவரது நூலில் வரும் டொன் மனுவேல் அந்திராதோ ஒல்லாந்தர் பக்கம் நின்ற முதலியார். நம் கதையின் அந்திராசி இவரே என்று வரலாற்றாசிரியர்கள் கொள்வர். ஒரே மனிதன் ஒரு நூலில் விசுவாசியாகவும் மற்றொரு கதையில் மாபாதகனாகவும் நிற்கிறான்.

இதில் எது உண்மை என்று கேட்பவர்கள் இரண்டு நூல்களும் எவ்வாறு பிறந்தன என்பதையும் பார்க்க வேண்டும். பல்தேயஸ் வென்றவர்களின் ஊழியர். சதி உண்மையில் நடந்தது என்று நிரூபிப்பது அவருக்குத் தேவையாக இருக்கவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அதனை நம்பினார்கள். மறுபுறம், யாழ்ப்பாண வைபவமாலையை மயில்வாகனப் புலவர் எழுதியது 1736ஆம் ஆண்டளவில்; அதாவது நிகழ்ச்சி நடந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னர். அதை எழுதும்படி கேட்டுக்கொண்டவர் மக்கறா என்ற ஒல்லாந்த அதிகாரி. ஒல்லாந்த அதிகாரி கேட்டு எழுதப்பட்ட நூலில் ஒல்லாந்தர் செய்த அநீதி ஒன்று இடம்பெற்றிருப்பது வியப்புக்குரியது. ஆனால் கதை எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். குற்றம் ஒரு சூழ்ச்சிக்காரத் தமிழனுடையது. அவசரம் ஒரு சிறிய அதிகாரியுடையது. கொழும்பில் இருந்த பெரிய அதிகாரம் நீதியானது. கேட்டவர் மனம் கோணாமலும், ஊர் மறவாத துயரத்தை விட்டுவிடாமலும் எழுதத் தெரிந்திருந்தது புலவருக்கு.

என் எண்ணம் இது. அழகவல்லி பற்றிய பகுதி கதைக்கு அழகு செய்யப் பின்னர் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் வெற்றுக் கடதாசி அப்படியல்ல. புதிய ஆட்சியொன்றின் முன், அதன் மொழி அறியாமல், அதன் சட்டம் அறியாமல், ஒரு துண்டுக் கடதாசியால் உயிரிழக்க நேர்ந்த மக்களின் அனுபவம் அதற்குள் உறைந்திருக்கிறது. பனையோலையில் எழுதிப் பழகிய ஒரு சமுதாயத்திற்குக் கடதாசியும் கையொப்பமும் அந்நியரின் ஆயுதங்களாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அன்றைய சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தாரின் சொத்து, சீதனம், முதுசம், அடிமை ஆகியவை பற்றிய வழக்கங்களை ஒல்லாந்தர் மதித்தார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்டு, 1707இல் சட்டமான தேசவழமை இன்றும் வழக்கிலுள்ளது. ஆனால் உயிரை எடுக்கும் வழக்குகளில் தேசவழமைக்கு இடமிருக்கவில்லை. அங்கே உரோம ஒல்லாந்தச் சட்டமே பேசியது. அச்சட்டத்தின்படி மரண தண்டனைக்குக் குற்றவாளியின் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும். கேட்பதற்கு இது பாதுகாப்புப் போலத் தோன்றும். நடைமுறையில் நேர்மாறாயிற்று. வாக்குமூலம் வேண்டும் என்பதனாலேயே சித்திரவதை சட்டபூர்வமான விசாரணை முறையாயிற்று. கொழும்பிலும் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் நீதி மன்றுகள் அமைந்தன. மேன்முறையீடு செய்வதென்றால் பத்தாவியாவுக்குப் போக வேண்டும். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பத்தாவியா. பருவக்காற்று மாறும்வரை காத்திருந்து கப்பலேறிச் சென்று முறையிட்டு மீளும் வரைக்கும் கழுத்து பொறுத்திருக்குமா? பூதத்தம்பி கதையில் முறையீடு கொழும்புக்கு மட்டுமே போகிறது. அதுவும் தண்டனை முடிந்த பிறகு!

இந்தத் தூரமும் இந்த அவசரமும் நமக்கு மட்டும் உரியவையல்ல. புதிதாகப் பிடித்த நிலத்தின் விளிம்பில் நடக்கும் எல்லா நீதிக்கும் உள்ள நோய் அது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் மேற்கு எல்லையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஊர்காவற்றுறை ஞாபகத்திற்கு வருவது அதனாலேயே.

1862இல் மினசோட்டாவில் டகோட்டா செவ்விந்தியர்களின் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின், இராணுவ விசாரணைக் குழு ஒன்று ஏறத்தாழ 390 பேரை விசாரித்தது. சில விசாரணைகள் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காகப் பேசச் சட்டத்தரணி எவரும் இருக்கவில்லை; பலருக்கு விசாரணை நடந்த மொழியே தெரியாது. 303 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் உள்நாட்டுப் போரின் நடுவிலும் கோவைகளைத் தருவித்துப் பரிசீலித்து, பெரும்பாலானவர்களை நீக்கி, எஞ்சியவர்களின் பெயர்களைத் தம் கைப்படவே எழுதியனுப்பினார். 1862 டிசெம்பர் 26ஆம் திகதி மங்கேட்டோ நகரில் 38 பேர் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேற்றப்பட்ட மிகப் பெரிய மரண தண்டனை அதுவே. அவர்களுள் ஒருவர் லிங்கனின் பட்டியலில் இல்லாதவர். வெள்ளையினப் பெண் ஒருத்தியையும் அவளது பிள்ளைகளையும் கிளர்ச்சியின்போது காப்பாற்றியவர் என்று அவளாலேயே சாட்சி சொல்லப்பட்டவர். பெயர் ஒன்றுபோல் இருந்ததால் அழைக்கப்பட்டு, மேடையேற்றப்பட்டார். அங்கும் ஒரு கடதாசி. அங்கும் படிக்கத் தவறிய கண்கள்.

மற்றொரு எடுத்துக்காட்டு ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்மித் கோட்டை. ஐசாக் பார்க்கர் என்ற நீதிபதி 1875 முதல் 1896 வரை அங்கிருந்து, செவ்விந்தியர் பிரதேசம் எனப்பட்ட பெருநிலப்பரப்பு முழுவதற்கும் நீதி வழங்கினார். 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார். அவர்களுள் 79 பேர் தூக்கிலிடப்பட்டனர். முதல் பதினான்கு ஆண்டுகள் அவர் தீர்ப்புக்கு மேன்முறையீடே கிடையாது. 1889இல் சட்டம் திருத்தப்பட்டு மரண தண்டனை வழக்குகள் உயர் நீதிமன்றத்திற்குப் போகலாம் என்றாயிற்று. போனவற்றுள் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்பட்டது. அப்படியானால் முதல் பதினான்கு ஆண்டுகளில் தூக்கிலேறியவர்களுள் எத்தனை பேருடைய வழக்கு திருப்பி அனுப்பப்பட்டிருக்கும் என்று கேட்காதிருக்க முடியவில்லை. விடை சொல்லக்கூடியவர்கள் எவரும் இல்லை.

இலங்கைக்குத் திரும்புவோம். ஆங்கிலேயர் வந்த பின், 1799 செப்டெம்பர் 23ஆம் திகதி தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் வெளியிட்ட பிரகடனம் உரோம ஒல்லாந்தச் சட்டத்தைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டது. ஆனால் சித்திரவதையையும் கொடூரமான தண்டனை முறைகளையும் ஒழித்தது. 1801இல் உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளின் பின் யூரிகள் வந்தார்கள். பல்தேயஸ் கண்ட மரச்சட்டமும் கோடரியும் மறைந்தன. தூக்குக் கயிறு மிஞ்சியது.

சுதந்திர இலங்கையில் 1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் மரண தண்டனையை இடைநிறுத்தியது. 1959இல் அவரே சுட்டுக் கொல்லப்பட்டபோது அதே தண்டனை அவசரமாக மீளக் கொண்டுவரப்பட்டது, நடந்து முடிந்த அந்தக் கொலைக்கும் செல்லுபடியாகும்படி. சுட்டவர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். சதி செய்த இருவர் தப்பினார்கள். புதிய சட்டம் கொலையைக் குறிப்பிட்டதேயன்றிச் சதியைக் குறிப்பிடவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டதே காரணம். நாடு முழுவதும் கொதித்துக்கொண்டிருந்த வேளையிலும், கடதாசியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று நீதிபதிகள் ஒரு முறைக்கு இரு முறை படித்தார்கள். பூதத்தம்பிக்குக் கிடைக்காதது அதுதான்.

1976 ஜூனுக்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் தண்டனைப் பத்திரங்களில் கையொப்பமிட்டுவிட்டதாக அறிவித்தார்; உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஆனால் எங்கள் மண்ணில் மரண தண்டனை 1976உடன் நின்றுவிட்டது என்று சொன்னால் என்னை ஈழத்து வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்ட பயணிகளுக்கு, கைக்குழந்தை உட்பட, எந்த நீதிமன்றமும் தீர்ப்பெழுதவில்லை. அது மாற்றான் செய்தது. நம்மவர் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அதே எண்பதுகளில் குடாநாட்டுச் சந்திகளில் விடிகாலையில் மின்கம்பங்களிற் கட்டிய உடல்கள் கிடந்தன. கழுத்தில் ஓர் அட்டை. அதில் துரோகி என்றோ, காட்டிக்கொடுத்தவன் என்றோ, சமூக விரோதி என்றோ ஒரு சொல். எழுதியவர் யார் என்று ஊர் அறிந்திருந்தது. எதை வைத்து எழுதினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்த அட்டைகளைப் படித்துக்கொண்டு போன தலைமுறை என்னுடையது. மாலையில் அதே பிள்ளைகள் அழகவல்லிக்காக அழுதார்கள். பூதத்தம்பி கொல்லப்பட்டதும் துரோகி என்ற பெயரில்தான் என்பதை அப்போது எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

2015 மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருத்தி கடத்தப்பட்டுக் கூட்டு வன்புணர்வின் பின் கொல்லப்பட்டபோது வடக்கு முழுவதும் கொந்தளித்தது. சந்தேக நபர்களைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டவர்களும் இருந்தனர். யாழ்ப்பாண நீதிமன்ற வளாகமே கல்லெறிக்கு உள்ளாயிற்று. அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெண்பிள்ளைகளைப் பெற்ற எவராலும் முடியாது. ஆயினும் வழக்கு நடந்தது. ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயத்தின் முன் தமிழிலேயே சாட்சியங்கள் அலசப்பட்டன. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் விடுவிக்கப்பட்டவர்களும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. 2015 மே மாதத்தில் கூட்டத்தின் கையில் விட்டிருந்தால் அவர்களும் சேர்ந்தே செத்திருப்பார்கள்.

நீதிமன்றச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றுண்டு. வழக்கு மெதுவாகப் போவதைப் பற்றிக் குறைப்படாதவர் இல்லை. நானே பல தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மெதுவுக்குள்ளேதான் கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதும், எழுதியது யார் கை என்று கேட்பதும், மறுதரப்பைப் பேச விடுவதும் நடக்கின்றன. அந்திராசியின் சூழ்ச்சி வெல்வதற்கு வேண்டியிருந்தது ஒரேயொரு பொருள்: அவசரம். அதை அவனுக்குக் கொடுத்தது ஆட்சியின் அச்சம்.

அந்திராசியை யானை கொல்லும்போது எழுந்த ஆரவாரத்திற்கு இப்போது வருகிறேன். இந்தக் கதையில் மூன்று மரணங்கள். அவற்றுள் நீதிமன்றம் வழங்கியது ஒன்று, அதுவும் பிழையானது. மற்ற இரண்டையும் வழங்கியது காடும் கடலும். மனித நீதி கைவிட்டபோது நம் முன்னோர் தங்களுக்கென்று ஒரு மேன்முறையீட்டு மன்றத்தைக் கதைக்குள் அமைத்துக்கொண்டார்கள் என்றே இதனை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆறுதல் தேடியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மன்றமும் அந்திராசியை விசாரிக்கவில்லை. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான், யார் யாருடைய பெயர்கள் வெளிவந்திருக்கும் என்பதை யானை நமக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது.

கடற்கோட்டை இன்றும் நிற்கிறது. ஒல்லாந்தருக்குப் பின்னரும் அது சிறைக்கூடமாயிருந்தது. 1971 கிளர்ச்சியின் பின் ஜே.வி.பி. கைதிகள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். போர் முடிந்த பின் கடற்படையினர் அதனை உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாக மாற்றினார்கள். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் அங்கே படகிற் சென்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அவர்களிடம் பூதத்தம்பியின் கதையையும் சொல்லுங்கள். சொல்லும்போது யானை வரும் இடத்தில் நிறுத்திவிடாமல், பூதத்தம்பியின் முன் நீட்டப்பட்ட அந்த நிருபத்தை எழுதிய கை யாருடையது என்று அன்று ஒருவராவது ஏன் கேட்கவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.